ரெண்டு பேரும் பாத்தாச்சு

துப்பட்டாவை இரண்டு முறை அலசிவிட்டேன். வாசனை போகவில்லை. உங்கள் கிளவுஸ் கம்பெனியில் தோலையும் உள்துணியையும் ஒட்டுவதற்கு டப்பாவில் ஊற்றி வைத்திருப்பார்களே, அந்தச் சொல்யூஷன் வாசனை. சமையலறை ஜன்னல் கம்பியில் காயப் போட்டுவிட்டு அதற்குக் கீழேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காற்று வரும்போதெல்லாம் ஈரத் துணி தலையைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

அம்மா உள்ளே தூங்குகிறாள். அவளுக்குக் காலை டியூட்டி. இருட்டிலேயே எழுந்து வேலூர் பஸ் பிடிக்க வேண்டும். அதற்குள் துப்பட்டா காய வேண்டும், வாசனை போக வேண்டும், நான் ஒன்றும் தெரியாதவள் போலப் படுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளின் மூக்கை ஏமாற்றுவது சுலபமில்லை. விளக்கைப் போடாமல் எழுதுவதால் எழுத்து கோணலாக வருகிறது. பொறுத்துக்கொள்.

இன்று உங்கள் கம்பெனிக்குப் போனேன். நீ போன பிறகு முதல் முறையாக.

போகக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. டாக்டர்கள் மூளைக்காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். அம்மா நர்ஸ், அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் காற்று வராத அந்த அறையும் அந்த வாசனையும்தான் உன்னைக் கொண்டுபோனது என்று நம்புகிறாள். எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். பப்ளிக் எக்ஸாம் முடிகிற வரைக்கும் ஸ்கூல், டியூஷன், சர்ச், வீடு. வேறெங்கும் காலை வைக்கக்கூடாது.

சாயங்காலம் ஸ்கூல் கேட்டுக்கு எதிரே உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். பழைய டிவிஎஸ் ஐம்பதைப் பிடித்தபடி, புளியமரத்தடியில், மற்ற அப்பாக்களிடமிருந்து தள்ளி. உன்னை அழைத்துப்போக வரும்போது நிற்பாரே, அதே இடம். ஒரு கணம் நீ பின்னால் வருகிறாய் என்று நினைத்துவிட்டேன். அவரும் என் பின்னால்தான் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தார். கூட்டாளியிடமிருந்து பிரிந்து புதுக் கம்பெனி ஆரம்பிக்கப்போகிறார், அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறார் என்று நீ வெட்கத்தோடு சொன்னாய் அல்லவா? அந்தக் கார்டு. நீ இருந்தபோதே அச்சுக்குக் கொடுத்தது. மேலே உன் பெயர். கீழே சின்ன எழுத்தில் இணையதள முகவரி. அதிலும் உன் பெயர்.

நாளை மறுநாள் சென்னையில் தோல் கண்காட்சி. வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். சாம்பிள் கிளவுஸைத் தொட்டுப் பார்ப்பார்கள், கார்டை வாங்கிக்கொள்வார்கள், ராத்திரி ஓட்டலுக்குப் போய் முகவரியைத் தட்டிப் பார்ப்பார்கள். அங்கே படம் பிடித்திருந்தால்தான் மறுநாள் திரும்பி வந்து பேசுவார்கள். பழைய ஆர்டர்கள் எல்லாம் கூட்டாளியோடு போய்விட்டன. இதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மிஷின்களை விற்றுவிட வேண்டியதுதான் என்று வேறு யாரைப் பற்றியோ பேசுவது போலச் சொன்னார்.

"அவ பேரைப் போட்டா கல்யாண மண்டபம் வருதும்மா" என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். நான் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கு அந்த வெப்சைட் வேலை தெரியும் இல்லம்மா? அவகூட உக்காந்து பண்ணுவியே. துபாய்ல இருக்கற அவ அத்தை பையனுக்குப் போன் பண்ணேன். அவன் வேற வேலைல இருக்கான், எடுக்கல. நான் வேற யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இருந்தும் தலையாட்டினேன்.

*

அந்தப் பலகைத் தடுப்பு அறை அப்படியே இருக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மேஜை. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், மோடம், இரண்டு நாற்காலிகள். உன் நாற்காலியில் நீ போட்டு உட்காரும் ரெக்சின் மெத்தை. நான் அதில் உட்காரவில்லை. என் நாற்காலியையே இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெளியே கட்டிங் மேஜையில் டொக் டொக் என்று தோலை வெட்டும் அச்சு இறங்கிக்கொண்டிருந்தது. நான் வந்ததைப் பார்த்ததும் தையல் மிஷின்கள் ஒன்றிரண்டு நின்றன. பிறகு மறுபடி ஓடின.

போனைப் பார்த்தேன். அதன்மேல் நீ மாட்டி வைக்கிற சிவப்புக் கிளவுஸ் இல்லை. எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது.

மோடம் கத்தியது. அமெரிக்காவில் எங்கோ இருந்துகொண்டு உன் அப்பாவின் தளத்தை வைத்திருக்கிற அந்த சர்வர் பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. விரல்கள் தாமாகவே அடித்தன. பிறகு அந்தக் கோப்பைத் திறந்தேன். எச்.டி.டி.பி.டி டாட் கான்ஃப். நீ அதை "ஹெட் மாஸ்டர்" என்பாய். அவர் சொல்லாமல் அந்த சர்வரில் ஓர் இலை அசையாது.

கோப்பு திறக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்தக் கோப்பை வேறு ஒருவர் இப்போது திருத்திக்கொண்டிருக்கலாம் என்றது. அவர் சேமிக்காமல் விட்ட மாற்றங்கள் இருக்கின்றன என்றது. கீழே தேதியும் நேரமும். நீ மயங்கி விழுந்த நாள். நீ மயங்கி விழுந்த சாயங்காலம்.

அதற்கும் கீழே கேள்வி. ஆர் அடித்தால் மீட்கலாம். டி அடித்தால் அழிக்கலாம். கியூ அடித்தால் வெளியே போகலாம்.

கியூ அடித்தேன். மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, லைன் சரியில்லை அங்கிள் என்று பொய் சொன்னேன். அவர் எழுந்து நின்று, "பரவால்லம்மா, நாளைக்குப் பாக்கலாம். இருட்டிடுச்சு, நீ போ" என்றார். பை முதுகில் இடிக்க இடிக்க ரயில்வே கேட் வரைக்கும் ஓடினேன். யார் துரத்தினார்கள் என்று கேட்காதே.

*

அந்த எச்சரிக்கையை நாம் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறோம். நினைவிருக்கிறதா?

அதுவரை சர்வரைப் பார்த்துக்கொண்ட உன் அத்தை மகன் துபாய் போய், பாஸ்வேர்டைப் போனில் சொல்லிவிட்டு, ஒரே ஒரு ஃபைல்தான், அதை மட்டும் பார்த்துக்கோ, மற்றதைத் தொடாதே என்றான். அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த பாடம். அந்த சர்வரில் மூன்று தளங்கள் குடியிருந்தன. ஒரு கல்யாண மண்டபம், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், உன் அப்பாவின் பழைய கம்பெனி. யார் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் எந்தக் கதவைத் திறப்பது என்பது அந்தக் கோப்பில்தான் எழுதியிருக்கும். அதில் இல்லாத பெயரோடு யாராவது வந்தால், முதலில் எழுதியிருக்கிற கதவைத் திறந்துவிடும். முதலில் எழுதியிருந்தது மண்டபம்.

முதல் நாள் உள்ளே போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் விழித்தோம். எதை அடித்தாலும் கம்ப்யூட்டர் டிங் டிங் என்றது. நீ எஸ்கேப்பை அடித்தாய், என்டரை அடித்தாய், கடைசியில் மானிட்டரையே ஓர் அடி அடித்தாய். அப்புறம் போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, "இப்ப எப்பிடி உள்ள வெச்சுக்கும்னு பாக்கலாம்" என்றாய். மறுநாள் கோப்பைத் திறந்தபோது இதே எச்சரிக்கை. வேறொருவர் உள்ளே இருக்கிறார் என்று. யாரோ திருடன் நுழைந்துவிட்டான், போலீஸ் வரும், அம்மா கொன்றுவிடுவாள் என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நீ திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாய். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாய்.

"பேயும் இல்ல, திருடனும் இல்லடி. அது நேத்து இருந்த நாமதான்."

இன்று மாலையும் அந்த வாக்கியம் எனக்கு நினைவு வந்தது. ஆனால் கியூ அடித்த பிறகு.

அதற்கப்புறம் ஒருநாள் ஒரே ஒரு மூடும் குறியை நாம் அழித்துவிட, மூன்று தளங்களும் சேர்ந்து படுத்தன. முகூர்த்த மாதம். மண்டபத்துக்காரர் துபாய்க்குப் போன் போட்டு அவனைத் திட்ட, அவன் ஆம்பூருக்குப் போன் போட்டு உன் அப்பாவைத் திட்ட, அவர் தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாம்மா பண்ணீங்க ரெண்டு பேரும்? யாரோ கல்யாணம் நின்னு போச்சுங்கறான்" என்று கேட்டார். அன்று பூராவும் திருப்பித் திருப்பிப் பார்த்தும் விட்டுப்போனது கண்ணில் படவில்லை. கண்ணால் பார்த்தால் தெரியாது, காதால் கேட்டால்தான் தெரியும் என்று நீதான் சொன்னாய். ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாய். மூடாமல் விட்ட இடத்துக்கு வந்ததும் குரல் தானாகத் தடுக்கிற்று.

நம் சட்டங்கள் அன்று பிறந்தவை. தொடும் முன்னால் கோப்புக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். அந்த நகலுக்கு நீ வைத்த பெயர் "நேத்து". தப்பாகப் போனால் நேத்துக்குப் போய்விடலாம் என்பாய். அடுத்தது, ஒருத்தி அடித்ததை மற்றவள் சத்தமாகப் படித்துக் காட்டாமல் சேமிக்கக்கூடாது. எவ்வளவு சின்ன மாற்றமாக இருந்தாலும். படிக்கிறபோது குறிகளுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று நமக்குத் தெரியாததால் நாமே பெயர் வைத்தோம். திறக்கிற குறி கொக்கி, கிளவுஸ் மணிக்கட்டில் வைத்துத் தைப்பார்களே, அது மாதிரி. மூடுகிறது கொக்கி மூடு. மேற்கோள் குறி கொசு. குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட அந்தக் குறி வேலி. வேலிக்குப் பின்னால் எதை எழுதினாலும் சர்வர் படிக்காது. அந்தப் பக்கம் மனிதர்களுக்கு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அங்கே நாம் ஒரே ஒரு வரி எழுதுவோம், இங்கிலீஷ் எழுத்தில், தமிழில்: ரெண்டு பேரும் பாத்தாச்சு. நீ அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடிப்பாய், ரயில் கிளம்பும்போது பச்சைக்கொடி காட்டுகிறவர் விசில் ஊதுகிற மாதிரி.

சிவப்புக் கிளவுஸும் உன் யோசனைதான். நாம் லைனில் இருக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது போனை எடுத்துவிடுவார்கள். லைன் அறுந்துவிடும். "அப்பா, கீழ வையுங்க" என்று நீ கத்தி அலுத்துப்போய், தையல் பிசகி ஒதுக்கிய ஒற்றைச் சிவப்புக் கிளவுஸைக் கொண்டுவந்து ரிசீவர்மேல் மாட்டினாய். கிளவுஸ் இருந்தால் யாரும் தொடக்கூடாது. கட்டிங் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "பாய், போனுக்குக் குளிர் எடுத்துடுச்சு" என்றார். கம்பெனியே சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் ஒருவர்கூடத் தொட்டதில்லை.

அந்தச் சாயங்காலம் எனக்குக் கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் கிளாஸ். உனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், ஸ்கூலுக்கு வரவில்லை. வீட்டில் படுத்திருப்பாய் என்று நினைத்தேன். கார்டு அச்சாகி வந்துவிட்டது என்று நீ எழுந்து கம்பெனிக்குப் போனது எனக்குத் தெரியாது. நீ அடித்துவிட்டு ஏன் சேமிக்கவில்லை என்று இன்று ரயில்வே கேட்டில் நின்றபோது புரிந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. முடியவே இல்லை. நீ சேமிக்காமல் இருந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். படிக்க நான் வரவில்லை.

உள்ளே கட்டில் முனகுகிறது. அம்மா புரண்டு படுக்கிறாள் போல. இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கியூ அடித்தது சர்வருக்குப் பயந்து இல்லை. டி அடித்தால் நீ கடைசியாக அடித்ததை நானே அழித்த மாதிரி ஆகும். ஆர் அடித்தால் அது வரும். வந்துவிட்டால் நான் அதை முடிக்க வேண்டும். முடித்துவிட்டால் அந்தக் கோப்புக்குள் நீ இருக்கமாட்டாய். இப்போது, இந்த நிமிஷம், அந்த சர்வருடைய கணக்கில் நீ இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாய். அதைச் சொல்வதற்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை.

உன்னைக் கொண்டுபோன அன்று உங்கள் தெருமுனையில் நின்றேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் மையவாடிக்கு வரமாட்டார்கள், அடக்கத்துக்கு ஆண்கள்தான் போவார்கள் என்று யாரோ சொன்னார்கள். வெள்ளைத் தொப்பிகளாக ஒரு கூட்டம் திருப்பத்தில் மறைந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. நாளைக்கும் டி அடிக்கமாட்டேன். ஆர் அடிப்பேனா என்று தெரியவில்லை. அவர் பெட்டியில் சாம்பிள்களை அடுக்கிக்கொண்டிருப்பார். துப்பட்டா இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

*

மறுநாள். அதே ஜன்னல், அதே இடம்.

காலையில் கண் விழித்தபோது கம்பியில் துப்பட்டா இல்லை. அம்மா வாசலில், புடவை கட்டி, டிபன் பையோடு நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டா மடித்து அவள் கையில் இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அந்தப் பொண்ணோட அப்பா எப்பிடி இருக்காரு?" என்று கேட்டாள்.

இளைத்துவிட்டார் என்றேன். அம்மா துப்பட்டாவை என் கையில் கொடுத்தாள்.

"ஆறு மணிக்குள்ள வந்துடு. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ."

அவ்வளவுதான். போய்விட்டாள். நாள் முழுக்க கிளாஸில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. மிஸ் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று கொக்கி என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கம்பெனியில் உன் அப்பா எனக்காகக் காத்திருந்தார். மேஜைமேல் பெரிய பெட்டி திறந்திருந்தது, உள்ளே காகிதத்தில் சுற்றிய கிளவுஸ்கள். நான் மோடம் வயரைக் கையில் எடுத்ததும் அவர் இழுப்பறையைத் திறந்தார். சிவப்புக் கிளவுஸ். அதைத் தட்டி உதறி, ரிசீவர்மேல் அவரே மாட்டினார். ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். பிறகு என் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு இதைக் கழட்டிப் போட்டுட்டுதான் டாக்டருக்குப் போன் பண்ணேன். கீழ விழுந்து கெடக்கறா, அப்பக்கூட 'அப்பா, லைன் போய்டும்'னா."

ஜன்னல் கதவை நான் தள்ளித் திறந்தேன், அது துருவேறி ஒரு சாண்தான் திறந்தது. அந்தச் சாண் வழியாகப் பேருந்து நிலையத்துச் சத்தமும் யார் கடையிலோ பிரியாணிக்குத் தம் போட்ட வாசனையும் உள்ளே வந்தன.

முதலில் நகல் எடுத்தேன். நேத்து. அது அங்கே பத்திரமாக இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். கோப்பைத் திறந்தேன். அதே எச்சரிக்கை, அதே தேதி. நேத்து இருந்த நாமதான், நேத்து இருந்த நாமதான் என்று சர்ச்சில் ஜெபம் சொல்வது போல வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு ஆர் அடித்தேன்.

வந்தது. எல்லாம் வந்தது. கடைசிப் பக்கத்துக்கு இறங்கினேன். பழைய கம்பெனியின் வரிகளுக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, நீ வழக்கமாக விடுகிற மாதிரி, புதிய கதவு. திறக்கிற கொக்கி. நீ முன்பே ஏற்றி வைத்திருந்த படங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று ஒரு வரி. எந்தப் பெயரோடு வந்தால் இந்தக் கதவு என்று இன்னொரு வரி. அதில் உன் பெயர். எல்லாமே சரியாக இருந்தது. அந்தக் காய்ச்சலில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை நீ. கடைசியில் மூடும் கொக்கி மட்டும் இல்லை. அதற்கு முன்னால் விழுந்திருக்கிறாய்.

மூடும் கொக்கியை நான் அடித்தேன். ஒரே ஒரு வரி.

இனி படிக்க வேண்டும். அடித்தவள் படிக்கக்கூடாது, அது சட்டம். தடுப்பைத் தாண்டிப் போய், அங்கிள், வந்து இதைப் படிக்க முடியுமா என்று கேட்டேன். எனக்கு இங்கிலீஷ் ஆர்டர் ஷீட் அளவுக்குத்தான் வரும் என்றார். போதும் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ரெக்சின் மெத்தை போட்ட நாற்காலியில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

எங்கே தொடங்க வேண்டும் என்று விரலால் காட்டினேன். முதல் குறியில் நின்றார். இதை எப்படிச் சொல்வது என்று நான் சொல்லித்தருவதற்குள் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கொக்கி" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தைகளை எழுத்தெழுத்தாகக் கூட்டி, குறிகள் வந்த இடத்தில் மட்டும் தயங்காமல், கொசு, கொசு, புள்ளி என்று படித்தார். ஒரு வருஷமாக ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தவர். நாம் கத்திப் படித்ததெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. நமக்கு அது தோன்றவே இல்லை, பார்த்தாயா?

உன் பெயர் இருந்த வரி வந்தது. அவர் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். நான் படித்துவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெயரை, வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி, முழுதாகச் சொன்னார். பிறகு புள்ளி என்றார். பிறகு மீதி.

"கொக்கி மூடு" என்று முடித்தார். நான் சேமிக்கப் போனேன்.

"இரும்மா. கடைசில ஒண்ணு சொல்வீங்களே ரெண்டு பேரும். வேலி போட்டு. அது இல்லையே?"

என் கை விசைப்பலகைமேலேயே நின்றது. அவரே சொன்னார், மெதுவாக, உன் ராகத்தில் இல்லாமல் அவர் ராகத்தில். வேலி, ரெண்டு பேரும் பாத்தாச்சு. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நீ தொடங்கினாய், நான் மூடினேன், அவர் படித்தார். எந்த ரெண்டு பேர் என்று அந்த வரி கேட்கவில்லை.

சேமித்தேன். சரிபார்க்கச் சொன்னேன். எழுத்தில் பிழை இல்லை என்று சர்வர் சொன்னது. உள்ளே இருக்கிற யாரையும் கலைக்காமல் புதுசை எடுத்துக்கொள் என்று மெதுவான கட்டளையைக் கொடுத்தேன், நீ எப்போதும் கொடுப்பதைத்தான். உன் பெயரைத் தட்டினேன். பக்கம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் வெள்ளை, பிறகு ஒரு விளிம்பு. மண்டபத்தின் தூண்தானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு விரல். இரண்டு விரல். முழுக் கிளவுஸ். அதற்குக் கீழே உன் பெயர்.

அவர் எழுந்து போய்ப் பெட்டியை மூடினார். மூடி சரியாக மாட்டவில்லை, மறுபடி திறந்து மூடினார். பிறகு கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, பொண்ணுக்குக் கலர் சோடா வாங்கிட்டு வரச் சொல்லு என்றார்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. நீ சேமிக்காமல் விட்டதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்த மறைவுக் கோப்பு. அது தானாகப் போகாது. நாமே அழிக்காவிட்டால், இனி யார் எப்போது திறந்தாலும், வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்றே அது சொல்லும். அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டு என்டர் அடிக்காமல் இருந்தேன். கலர் வந்தது, குடித்தேன். கண்ணாடிப் புட்டி காலியாகிவிட்டது. உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், முடிந்த வேலையை விரித்துப் போட்டுவிட்டுப் போவது. என்டர் அடித்தேன். அது எதுவும் கேட்கவில்லை. கர்சர் அடுத்த வரிக்குப் போய் நின்றது.

ரிசீவரிலிருந்து கிளவுஸை நான்தான் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தபோது, "அங்கயே பக்கத்துல இருக்கட்டும்மா. நான் மெட்ராஸ்லேர்ந்து வந்ததும் மறுபடி எதனா மாத்தணும்னு சொல்வேன்" என்றார். ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் ஓடினேன். ரயில்வே கேட் திறந்திருந்தது.

இப்போது அவர் விடியற்காலை ரயிலுக்குத் தயாராகிக்கொண்டிருப்பார். ஆர்டர் கிடைக்குமா, கிடைக்காதா, எனக்குத் தெரியாது. இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டேன். தூரத்தில் லாரிகள் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் சர்வர் விழுந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. லாரிக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒன்று மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கெமிஸ்ட்ரி விடைத்தாளைக்கூட உதடசைத்துப் படிக்காமல் என்னால் கொடுக்க முடியவில்லை. மிஸ் முறைக்கிறார். இந்தக் கடிதத்தையும் தொடக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன், மெதுவாக, அம்மா எழுந்துவிடாத அளவுக்கு. குரல் மூன்று இடங்களில் தடுக்கிற்று. அங்கெல்லாம் பார்த்தேன். மூடாமல் விட்டது எதுவும் இல்லை.

வேலிக்குப் பின்னால் வருகிற அந்தக் கடைசி வரியை மட்டும் நான் எழுதவில்லை. அது, அடித்தவள் தனியாக எழுதக்கூடிய வரி இல்லை.